ஸ்காபரோவில் ஒரு கரிந்த கண்ணாடிச் சட்டம்

டொராண்டோ விமான நிலையத்துக்கு என் பெட்டி வந்து சேரவில்லை. சிவநேசன் அண்ணா வந்திருந்தார். உடம்பில் ஒரு குளிர் அங்கி, கையில் இன்னொன்று.

"முதல்ல இதைப் போடுங்கோ சேர். வெளியில மைனஸ் நாலு" என்றார்.

அதற்குமுன் அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அறுபதை ஒட்டிய வயது. முகச்சவரம் செய்து, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்போல் இருந்தார். நான் யாருக்கும் சார் இல்லை. கோயம்புத்தூரில் பழைய மரச்சாமான்களைச் சீர்செய்யும் பட்டறைக்காரன். அதைச் சொன்னேன்.

"மனுசி உங்களைச் சேர் எண்டுதான் சொல்லுவா. எனக்கும் அப்பிடியே வந்திட்டுது" என்றார்.

அந்த மனுசிக்காகத்தான், அவர் மனைவிக்காகத்தான், நான் வந்திருந்தேன். பெயர் வதனி. முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். ஓய்வுநாட்களில் தெருவோர விற்பனைகளில் பழைய கடிகாரப் பெட்டி, சுவர்த்தாங்கி, படச்சட்டம் என்று வாங்கிவந்து புதுப்பிப்பது அவருடைய பொழுதுபோக்கு. கடந்த பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டுக் காரேஜில் தீப்பிடித்தது. காரேஜுக்கு மேலிருந்த அறையில் படுத்திருந்த வதனி புகையில் மூச்சடைத்து இறந்துபோனார்.

அவர் மரத்தைப் புதுப்பிக்கக் கற்றது என் வீடியோக்களைப் பார்த்து. யாக்கிசுகி என்று ஜப்பானில் சொல்வார்கள். மரத்தின் மேல்தோலைத் தீயால் கரித்து, தண்ணீர் விட்டு அணைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் பூசுவது. கரிந்த தோலைப் பூச்சியும் ஈரமும் எளிதில் தொடாது. மரத்தின் ரேகைகள் புடைத்துக்கொண்டு நிற்கும். சென்னையில் வேலை பார்த்த ஜப்பானியர் ஒருவர் என்னிடம் சாமான்களைச் சீர்செய்யக் கொடுத்தபோது சொல்லித்தந்தது. ஜப்பானில் வீட்டுச் சுவருக்குச் செய்வதை நான் பழைய அலங்காரச் சாமான்களுக்குச் செய்தேன், அதைப் படம் பிடித்துத் தமிழில் போட்டேன். யார் பார்க்கிறார்கள் என்று நான் அதிகம் யோசித்ததில்லை.

"அவ முடிக்காமல் விட்டது ஒண்டு கிடக்கு. பாதி எரிஞ்சுபோச்சு. இஞ்ச ஆரும் தொட எனக்கு விருப்பமில்லை. அவ உங்களிட்டத்தானே பழகினவ" என்று போனில் சொல்லியிருந்தார். முதலில் மறுத்தேன். இரண்டாம் முறை அதே வார்த்தைகளைச் சொன்னார். அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

பெட்டிக்காக எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அதில் என் கம்பி பிரஷ்கள் நான்கும் இருந்தன. மூக்கினுள் ஈரம் உறைந்து குத்தியது. வானம் பகல் இரண்டு மணிக்கே சாயங்காலம் மாதிரி இருந்தது. காரில் ஏறினோம். பாதி வழியில், "வீடெண்டு நினைச்சு வராதேங்கோ. இப்ப பேஸ்மென்ற்தான்" என்றார்.

எங்கள் ஊரில் பேஸ்மெண்ட் என்றால் ஸ்கூட்டர் நிறுத்தும் இடம். இங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு செங்கல் வீட்டின் பக்கவாட்டில் ஏழு படி இறங்கினால் அவருடைய இரண்டு அறை. ஜன்னல் கூரையை ஒட்டி இருந்தது, அதன் வழியே தெருவில் போகிறவர்களின் பூட்ஸ்கள் மட்டும் தெரிந்தன. எரிந்த வீட்டை விற்றுவிட்டாராம். சுவரில் வதனியின் படம் ஒன்று. சிரிக்காத முகம். கண்கள் மட்டும் இப்போதுதான் எதையோ கேட்டு முடித்த மாதிரி இருந்தன.

கடையில் வாங்கிய இடியப்பம், சொதி, மீன் குழம்பு, சம்பல். சொதியைப் பார்த்து எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் என்று நினைத்துச் சர்க்கரை கேட்டுவிட்டேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். "உதுக்குச் சீனியோ! தேசிக்காய்ப்புளி விட்டது சேர்." எலுமிச்சையைத்தான் சொன்னார். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. சிரித்தது தவறு என்பதுபோல் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடிக்கையில் மகள் அபி போனில் அழைத்தாள். நகரின் மையத்தில் தனியாக இருக்கிறாள், வேலையும் அங்கேயே. அவர் போனை என்னிடம் தந்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

"நாளை மறுநாள் மதியம் என் ஆபீசுக்கு வாங்க. உங்களோட கதைக்கணும்" என்றாள். தமிழ் கொஞ்சம் யோசித்து யோசித்து வந்தது. பிறகு ஆங்கிலத்தில், தணிந்த குரலில்: "அப்பாவிடம் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லுங்கள்."

மறுநாள் புதன். விமானப் பயணத்தின் அசதியில் விடியுமுன்பே விழித்துக்கொண்டேன். அண்ணா எனக்கு முன்பே எழுந்து, காதில் ஏதோ மாட்டிக்கொண்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் என் வீடியோ. ஒலியைக் கூட்டியிருந்ததால் என் குரல் கொசு மாதிரி கேட்டது.

"ஒவ்வொரு நாளும் பார்ப்பீங்களா?" என்றேன்.

"அவ தேத்தண்ணி குடிக்கேக்க இதைத்தான் போட்டு வைப்பா. சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்ப சத்தமில்லாட்டி இருக்கேலாமல் கிடக்கு."

அவருடைய நண்பர் ஒருவரின் கார் மெக்கானிக் கடையின் பின்புறத்தில் எனக்கு இடம் ஏற்பாடு செய்திருந்தார். டயர்களுக்கும் பழைய கதவுகளுக்கும் நடுவே, படுக்கை விரிப்பு சுற்றி, அது சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விரிப்பை எடுத்தார்.

வீட்டு வாசலில் மாட்டுகிற ஆளுயரக் கண்ணாடிச் சட்டம். நடுவில் கண்ணாடிக்கான இடம், இருபக்கமும் கோட்டு தொப்பி மாட்ட மரமுளைகள், மேலே ஒரு கொத்து இலை செதுக்கல். பைன் மரம். நூறு வருஷம் பழசாக இருக்கலாம். இடப்பக்கம் வதனி கரித்தது. எழுபது மரத்தைக் கெடுத்த பிறகுதான் எனக்கு வந்த கைப்பக்குவம் அதில் இருந்தது. கரி ஒரே சீராக, மெல்லிய தோலாக, இலைகளின் நரம்புகூட மழுங்காமல் நின்றது. வலப்பக்கம் காரேஜ் தீ எரித்தது. அங்கே மரம் கட்டம் கட்டமாக வெடித்து முதலைத் தோல் மாதிரி கிடந்தது. நகத்தால் தொட்டால் உதிர்ந்தது. இரண்டும் தீதான். ஆனால் ஒன்றில் ஒருத்தி பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

"செய்யலாமோ?" என்றார்.

"செய்யலாங்க அண்ணா. உதிர்றதைச் செதுக்கி எடுத்துட்டு, புது மரம் ஒட்டி, மறுபடியும் மொத்தமாக் கரிக்கணும். அப்பத்தான் ஒட்டு தெரியாது."

மறுபடியும் கரிப்பது என்றதும் அவர் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தலையாட்டினார்.

சாமான் வாங்கப் போனோம். உளி, உப்புத்தாள், பசை, தேவதாரு வகையில் ஒரு பலகை, கேஸ் பர்னர், கம்பி பிரஷ். கடைக்காரர் ஒரு கிழவர். மரத்தை எரிக்கப் போகிறேன் என்றதும், "எங்கள் ஊரில் மனிதர்கள் மரம் எரியாமலிருக்கப் பணம் கொடுப்பார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அண்ணாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னே போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் உதிர்வதையெல்லாம் செதுக்கி, புது மரத்தை ஒட்டி, இறுக்கி வைத்தேன். பசை காய ஒருநாள் வேண்டும்.

வியாழன் காலை அபியைப் பார்க்கக் கிளம்பினேன். பஸ் ஏறி சப்வே பிடித்தால் முக்கால் மணி நேரம் என்றார் அண்ணா. பாதி வழியில் சப்வேயை நிறுத்தி எல்லோரையும் தெருவில் இறக்கிவிட்டார்கள். மாற்றுப் பஸ்ஸுக்கு இருநூறு பேர் வரிசையில் நின்றோம். யாரும் முண்டவில்லை, யாரும் கத்தவில்லை. எங்கள் காந்திபுரமாக இருந்தால் ஜன்னல் வழியே துண்டு பறந்திருக்கும். எனக்கு முன்னால் நின்ற இரண்டு தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போன கிழமையும் உப்பிடித்தான் நிண்டது."

"நிக்கட்டும். வேலைக்குப் பிந்திப் போக ஒரு காரணமாவது இருக்கே."

குளிரில் என் கால்விரல்கள் இருப்பதே தெரியவில்லை. ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

அவள் ஆபீஸ் இருந்த உயரமான கட்டடத்தின் அடித்தளத்தில் சாப்பாட்டுக் கூடம். அபி எனக்காக ஒரு சூப் வாங்கி வைத்திருந்தாள், அது ஆறிப்போயிருந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். படத்தில் பார்த்த அதே கண்கள். என்னை அங்கிள் என்றோ சார் என்றோ அழைக்கவில்லை.

"நீங்க வர்றது எனக்குத் தெரியாது. அப்பா டிக்கெட் போட்ட பிறகுதான் சொன்னார். தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

அதன்பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். போனைத் திறந்து என் வீடியோ ஒன்றை ஓடவிட்டாள். எண்ணெய் பூசுவதைப் பற்றியது. ஆளிவிதை எண்ணெயை ஊற்றுகிறேன், ஐந்து நிமிடம் பொறுக்கிறேன், மிஞ்சியதைப் பழைய துணியால் துடைக்கிறேன். 'நல்லா அழுத்தித் துடைச்சு எடுத்துருங்க' என்கிறேன். துணியை ஓரமாகப் போடுகிறேன். அபி அங்கே நிறுத்தினாள்.

"இந்தத் துணி எங்கே போகிறது?"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நொடியிலேயே முழுவதும் புரிந்துவிட்டது.

ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி காய்வதில்லை. காற்றைக் குடித்துக் காய்கிறது, காயும்போது சூடாகிறது. விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு போய்விடும். சுருட்டிக் குவித்து வைத்தால் உள்ளேயே ஏறிக்கொண்டு போய், சில மணி நேரத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். பாலிஷ் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் பட்டறையில் மாரியம்மாள் அக்கா துணிகளை அவ்வப்போது எடுத்துப்போய் வேலிக் கம்பியில் விரித்துவிடுவார். பதினைந்து வருஷமாக விரிக்கிறார். அந்த வேலி கேமராவுக்குப் பின்னால் இருக்கிறது.

"அம்மா துணிகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறாள். மரத்தூள் இருந்த பெட்டி" என்றாள் அபி. தீயணைப்புத் துறையின் அறிக்கையை எடுத்து என் பக்கம் திருப்பினாள். "படியுங்கள்."

படித்தேன். துணிகள் தாமாகச் சூடேறிப் பற்றியது என்று இருந்தது. காரேஜிலிருந்த மின்சார ஹீட்டரைச் சோதித்ததாகவும், அது அணைந்த நிலையில் இருந்ததாகவும், தீக்கு அது காரணமில்லை என்றும் ஒரு வரி. அந்த வரியை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மின்சாரக் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அறிக்கையைத் திறந்ததே இல்லை. அம்மா பெட்டியில் துணியைப் போட்டதால் செத்தாள் என்று அவர் காலம் முழுக்க நினைக்க வேண்டாம். உங்கள் குரலைக் கேட்காமல் அவர் காலையில் எழுவதுகூட இல்லை, தெரியுமா? அதையும் நான் பிடுங்க விரும்பவில்லை." அவள் குரல் உயரவே இல்லை. "ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். வேலையை முடியுங்கள். அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். போய்விடுங்கள்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "மன்னிப்பு கேட்காதேங்க. ப்ளீஸ்" என்று எழுந்துவிட்டாள். நான் அந்த ஆறிய சூப்பை முழுவதும் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

சப்வே இன்னும் சரியாகவில்லை என்பதால், ரயிலில் வந்து ஸ்காபரோ ஸ்டேஷனில் இறங்கச் சொல்லியிருந்தார் அண்ணா. எதிரே நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஏரி வந்தது. கடல் என்றே சொல்லலாம், அக்கரை தெரியவில்லை. வதனி என்னிடம் கேட்ட கேள்விகள் ஞாபகம் வந்தன. வீடியோக்களுக்குக் கீழே நிறைய எழுதியிருக்கிறார். எண்ணெய் எத்தனை முறை பூசலாம் சேர், குளிர் நாட்டில் காய எத்தனை நாள் எடுக்கும் சேர். நான் 'இரண்டு முறை', 'மூன்று நாள்' என்று பதில் போட்டிருக்கிறேன். கேட்டதற்கு மட்டும்.

ரயில் ஸ்காபரோவில் நிற்கவில்லை. சில ரயில்கள் அங்கே நிற்காதாம். அதன்பிறகு நின்ற இடங்களிலும் நான் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் இறங்கியபிறகு, சிவப்புக் கம்பளித் தொப்பி வைத்த ஒரு கறுப்பினப் பெண்மணி என் தோளைத் தட்டினார். "மகனே, இதற்குமேல் தண்டவாளம் உனக்கு உதவாது. இதுதான் கடைசி" என்றார். ஒஷாவா என்று பலகையில் இருந்தது. வெளியே ஐந்து மணிக்கே இருட்டியிருந்தது. அந்தப் பெண்மணி தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, "உன் முகம் நன்றாயில்லை" என்று சொல்லிப் போனார்.

அண்ணாவுக்கு போன் செய்தேன். "அசையாமல் நில்லுங்கோ, வாறன்" என்றார். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. திட்டவில்லை. காரில் ஹீட்டரைக் கூட்டிவிட்டார். சூடு என் முகத்தில் அடித்தது. நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குகள் எறும்பு வரிசையாக நகர்ந்தன. கொஞ்ச தூரம் போனபின், ரோட்டைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார்.

"சேர், ஒண்டு சொல்லோணும். ஆருக்கும் சொல்லேல்ல. அபிக்கும் தெரியாது."

நான் அவரைப் பார்த்தேன்.

"காரேஜுக்குள்ள ஒரு ஹீட்டர் வச்சிருந்தனாங்கள். அவவுக்குக் கை விறைக்கும் எண்டு நான்தான் வாங்கிக் குடுத்தது. அண்டைக்கு நான் வெளிக்கிடேக்க, மேலயிருந்து குரல் குடுத்தவ. 'ஹீட்டரை ஓஃப் பண்ணிப்போட்டுப் போங்கோ' எண்டு. நான் ஓமெண்டனான். ஓமெண்டது ஞாபகம் இருக்கு. ஓஃப் பண்ணினது ஞாபகம் இல்லை." முன்னால் போன காருக்காக வேகத்தைக் குறைத்தார். "கரண்ட் பிரச்சினை எண்டு பிள்ளை சொன்னவள். அது ஹீட்டர்தான். வேற என்ன? ஒன்பது மாசமா மனசுக்குள்ள அந்தக் கதவடியில போய் நிண்டு பாக்கிறன். கை அந்தச் சுவிட்சுக்குப் போகுதோ, போகேல்லையோ? தெரியுதில்லை சேர்."

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அது என் வாய்வரை வந்தது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும், அதில் நான் இருக்கிறேன். அபியிடம் கொடுக்காத வாக்குறுதியைக் கொடுத்ததாக என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். வெக்ஸ்போர்ட் வரும்வரை கையில் அந்த ஆரஞ்சை உருட்டிக்கொண்டே வந்தேன். அன்றிரவு அவர் வாங்கிவந்த கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டதாக ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை பசை காய்ந்திருந்தது. புது மரத்தில் இலைகளைச் செதுக்கி மீதியோடு சேர்த்தேன். மதியம் சட்டத்தைக் கடைக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்துக்குத் தூக்கிப்போய் நிறுத்தினோம். இரண்டு வாளித் தண்ணீர் வைத்தேன். பர்னரைக் கையில் எடுத்தேன். அண்ணா நாலடி தள்ளி, ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே நின்றுகொண்டு இதைப் பார்க்க அவரை விட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. பர்னரைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, அன்னைக்கு ஹீட்டர் ஆஃப்லதான் இருந்துச்சு."

"ஆர் சொன்னது?"

"அறிக்கையில எழுதியிருக்கு. நானே படிச்சேன். சோதிச்சுப் பார்த்திருக்காங்க. நீங்க ஆஃப் பண்ணிட்டுத்தான் போயிருக்கீங்க."

அவர் அங்கிருந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். "நான் நிப்பாட்டினனான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. மறுபடியும், "நிப்பாட்டிப்போட்டுத்தான் போனனான்" என்றார். உதடு கோணியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை; கையிலேயே வைத்திருந்தார்.

மிச்சத்தையும் சொன்னேன். துணி, அட்டைப்பெட்டி, வீடியோ, வேலிக் கம்பி. ஒன்றையும் மெழுகவில்லை. அவர் முகத்தில் அது மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உப்பிடிப் பத்தும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியுங்க அண்ணா."

"தெரிஞ்சும் சொல்லேல்லையோ?"

"சொல்லணும்னு தோணலைங்க. எங்க பட்டறையில அது தானா நடக்குற வேலை. அதனால தோணலை."

"அவ எவ்வளவு கேள்வி கேட்டவ" என்றார். எழுந்தார். தடுமாறினார். பிடிக்கப் போன என் கையை விலக்கிவிட்டு, நடந்துபோய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அரைமணி நேரம் கழித்து அபி ஒரு டாக்சியில் வந்து இறங்கினாள். அவர்தான் அழைத்திருக்கிறார். நேராக என்னிடம் வந்தாள்.

"நான் கேட்டது ஒண்டே ஒண்டு" என்றாள். கோபத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது. "ஒண்டே ஒண்டு!"

"அவர் ஹீட்டரை ஆஃப் பண்ணாம விட்டதாலதான் அம்மா செத்தாங்கன்னு நினைச்சுட்டு இருந்தாரும்மா. ஒன்பது மாசமா. நேத்து என்கிட்ட சொன்னார்."

அவள் அப்படியே நின்றாள். "நோ" என்றாள். "அப்பிடி இல்லையே. அந்த ரிப்போர்ட்லயே..." அந்த வரியை அவளும் படித்திருந்தாள், என்னைப் போலவே தாண்டிப் போயிருந்தாள். தன் தந்தையைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். திரும்பி ஓடினாள். கார்க் கதவு திறந்து மூடியது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிகளில் மூச்சு படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை மட்டும் அண்ணாவின் குரல் பெரிதாக எழுந்தது. சொல் புரியவில்லை. மெக்கானிக் கடைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று சிகரெட் பிடித்தார். கடைசியில், "நான் உங்களைக் கொண்டுபோய் விடுறன். உவை இப்ப இறங்கமாட்டினம்" என்றார்.

சனிக்கிழமை காலை பேஸ்மெண்டில் வீடியோ சத்தம் இல்லை. அண்ணா இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. "வாங்கோ, முடிப்பம்" என்றார். அவ்வளவுதான். காரின் பின்சீட்டில் அபி உட்கார்ந்திருந்தாள்.

கரித்தேன். புது மரம் முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்து, மினுங்கத் தொடங்கியது. மொத்தமாகக் கரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாலும், வதனி செய்த பக்கத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அதன் கறுப்புக்கு என் கறுப்பைக் கொண்டுவர மூன்று முறை முயன்றேன். தண்ணீர் விட்டபோது சீறியது. அபி காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் போகவில்லை. அண்ணா கம்பி பிரஷ்ஷை வாங்கி, தெரியாத கையால், ரேகை போன போக்கில் தேய்த்தார். கரித்தூள் அவர் முகச்சவரம் செய்த கன்னத்தில் படிந்தது.

பிறகு எண்ணெய். முதல் துணியால் துடைத்து முடித்ததும் அபி தன் போனை எடுத்தாள்.

"பழைய வீடியோவை அழிக்கப் போறீங்களா?"

"இன்னைக்கே எடுத்துடறேன்."

"எடுக்காதேங்க. கீழே அம்மா எழுதினது இருக்கு. அது இல்லாமல் போயிடும்." பிறகு ஆங்கிலத்தில்: "புதிதாக ஒன்று போடுங்கள். பழையதன் தலைப்பில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா பெயர் வேண்டாம்."

அவளே படம் பிடித்தாள். நான் சொன்னேன்: எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், குவிக்காதீர்கள், பெட்டியில் போடாதீர்கள். தனித்தனியாக வெளியில் விரித்துக் காயவையுங்கள். முடியாவிட்டால் இரும்பு டப்பாவில் தண்ணீர் நிறைத்து அதில் அமிழ்த்தி மூடுங்கள். சொல்லும்போது குரல் உடைந்தது. அபி நிறுத்தினாள். "மெதுவா. திரும்பச் சொல்லுங்க. ஆட்களுக்கு விளங்கணும்" என்றாள். நான்கு முறை சொல்லவைத்தாள். நான்காவது முறை, அண்ணா என் கையிலிருந்த துணியை வாங்கினார். கடைக்காரரிடம் கேட்டு வைத்திருந்த தகர டப்பாவின் தண்ணீருக்குள் அதை வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உறையும் தண்ணீர். முழங்கைவரை சட்டை நனைந்தது. குமிழி வருவது நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. "காணும் அப்பா" என்று அபி சொன்ன பிறகுதான் எடுத்தார்.

சட்டம் முடிந்தது. ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறவர்களுக்குத் தெரியும். கண்ணாடி எப்போது போடலாம் என்று கேட்டேன். "இப்ப வேண்டாம்" என்றார் அண்ணா. அபி தன் அறைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். என்னிடம் அவள் விடைபெறவில்லை. சட்டத்தின் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "இந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். காரில் ஏற்றும்வரை பிடித்தேன்.

ஞாயிறு மதியம் எனக்கு விமானம். பெட்டி கடைசிவரை வரவில்லை; பிறகு ஊருக்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். விமான நிலைய வாசலில் அண்ணா காரை நிறுத்திவிட்டு என்னோடு இறங்கினார். நான் இரவல் அங்கியைக் கழற்றிக் கொடுத்தேன். மூன்று நாட்களாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன்.

"என்னை மன்னிச்சிருங்க அண்ணா."

அவர் அங்கியை மடித்தார். அவசரப்படாமல் மடித்தார்.

"வதனியெண்டா உடன மன்னிச்சிருப்பா. நான் வதனி இல்லைத் தம்பி" என்றார். "எனக்கு இப்ப ஏலாது. பிறகு ஏலுமோ எண்டும் தெரியாது. பொய் சொல்லி உங்களை அனுப்ப விருப்பமில்லை."

"சரிங்க அண்ணா."

காருக்குள் குனிந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "நாலு ரோல்ஸ் கிடக்கு. ஆறமுதல் சாப்பிடுங்கோ" என்று சொல்லி, ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.

சோதனையெல்லாம் முடிந்து உள்ளே ஓர் இருக்கையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ், இன்னும் சூடாக இருந்தன. சாப்பிட உரிமை உண்டா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு நான்கையும் சாப்பிட்டேன்.